சால்மனின் கொழுப்பு: கடல் தந்ததா, கனோலா தந்ததா?

பண்ணை மீனின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு, என்ன கொழுப்பு என்பதை முடிவு செய்பவை இரண்டு: அது தின்னும் தீவனம், அது நீந்தும் நீரோட்டம். தீவனத்தை நிறுவனங்கள் கிராம் பிசகாமல் அளக்கின்றன. நீச்சலுக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. அதன் விலையை மீனின் இதயம் கொடுக்கிறது.

நார்வேயின் மேற்குக் கரை. குளிர்காலத்தில் அங்கே விடிவதற்கே ஒன்பது மணி ஆகிவிடும். இரு பக்கமும் செங்குத்தான பாறை மலைகள். நடுவே கடல் உள்ளே புகுந்து அடங்கிக் கிடக்கிறது; ஃபியோர்டு என்பார்கள். அதன்மேல் கறுப்புக் குழாய் வளையங்கள் வரிசையாக மிதக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கூண்டின் வாய். பக்கத்தில் நிற்கும் தீவனப் படகில் இயந்திரம் இரைகிறது. அழுத்தப்பட்ட காற்று, நீண்ட பிளாஸ்டிக் குழாய்களின் வழியே பெல்லட் எனப்படும் தீவனக் குருணைகளைச் சடசடவென்று தள்ளிக்கொண்டு போகிறது. கூண்டின் நடுவில் சுழலும் குழல் அவற்றை நாலாபக்கமும் இறைக்கிறது.

அதுவரை ஒரே திசையில் வட்டமடித்துக்கொண்டிருந்த மீன்கூட்டம் கலைகிறது. மூன்று, நான்கு கிலோ எடையுள்ள சால்மன்கள் முட்டி மோதி மேலே வருகின்றன. தீவனத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தப் படகில் நடக்கவேண்டும் என்றில்லை. பல கிலோமீட்டர் தள்ளி, கரையில் ஓர் அறை, சுவரெங்கும் திரைகள். நீருக்கடியில் இருக்கும் கேமராவின் காட்சியைப் பார்த்தபடி ஊழியர் அமர்ந்திருக்கிறார். தின்னாமல் விட்ட குருணை கீழே இறங்குவது தெரிந்தால் உடனே வேகத்தைக் குறைப்பார். வீணாகும் ஒவ்வொரு குருணையும் காசு.

அந்தக் குருணையைக் கையில் எடுத்து நசுக்கினால் விரல் பிசுபிசுக்கும். எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். அந்த எண்ணெய் மீனின் உடம்பில் எங்கே போகிறது, என்னவாகிறது, எரிகிறதா, தேங்குகிறதா? உலகம் முழுக்கச் சால்மன் தின்பவர்களும் வளர்ப்பவர்களும் இன்று வாதாடிக்கொண்டிருப்பது இதைப் பற்றித்தான். சென்னையின் பெரிய கடைகளில் உறைபெட்டிக்குள் ஆரஞ்சு நிறத்தில் கிடக்கும் துண்டுகளை 'இதயத்துக்கு நல்லது' என்று நம்பி வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஹித்ரா தீவிலிருந்து ஜப்பான் வரை

1970இல் ஹித்ரா என்ற நார்வேத் தீவில் குரோன்ட்வெட் சகோதரர்கள் இருவர், மிதக்கும் கூண்டில் சுமார் 20,000 சால்மன் குஞ்சுகளை விட்டு வளர்த்துக் காட்டினார்கள். இன்றைய தொழிலின் தொடக்கம் அதுதான். இப்போது நார்வே ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் சால்மன் வளர்க்கிறது. அடுத்த இடம் சிலிக்கு.

ஆரம்பத்தில் மீன்களுக்குப் போட்டது அரைத்த மீனைக் கலந்த ஈரத் தீவனம். அதில் கொழுப்பு குறைவு. பிறகு, மாவை உயர் அழுத்தத்தில் வேகவைத்துப் பிழியும் இயந்திரங்கள் வந்தன. அதில் வெளிவரும் குருணை நுண்துளைகள் நிறைந்தது. காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி எண்ணெயைத் தெளித்தால், அத்தனை துளைகளும் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும்.

ஏன் இவ்வளவு எண்ணெய்? சால்மன் ஊனுண்ணி. மாவுச்சத்தை எரித்து வாழ அதன் உடம்பு பழகவில்லை. புரதமும் கொழுப்பும்தான் அதற்கு எரிபொருள். கொழுப்பைத் தாராளமாகக் கொடுத்தால் ஆற்றலுக்கு அதை எரித்துவிட்டு, விலை உயர்ந்த புரதத்தைச் சதை வளர்க்க ஒதுக்கும். இன்று சுமார் 1.2 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ மீன் வளர்வதற்கு இந்தக் கணக்குதான் பெரிய காரணம். மாடும் பன்றியும் கிட்ட நெருங்க முடியாத கணக்கு இது. 1980களின் நடுவில் நார்வே தன் சால்மனை ஜப்பானின் சுஷி கடைகளுக்குக் கொண்டுபோக முனைப்பாக இறங்கியபோது சந்தையும் சேர்ந்துகொண்டது. பச்சையாக உண்ணும் மீனில் கொழுப்பு ஓடியிருந்தால்தான் நாக்கு கேட்கும்.

பலனை அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் பார்க்கலாம். காட்டு அட்லாண்டிக் சால்மனின் 100 கிராம் சதையில் சுமார் 6 கிராம் கொழுப்பு. அதே இனத்துப் பண்ணை மீனில் சுமார் 13 கிராம்.

> பெட்டிச் செய்தி: கூண்டுக்குள்
> • ஒரு கூண்டில் நார்வே சட்டம் அனுமதிப்பது அதிகபட்சம் 2,00,000 மீன்.
> • ஒரு கன மீட்டர் நீருக்கு 25 கிலோ மீன் என்பது உச்சவரம்பு.
> • பெரிய கூண்டின் சுற்றளவு 160 மீட்டர்.
> • விற்பனைக்கு எடுக்கும்போது மீனின் எடை பெரும்பாலும் 4 முதல் 5 கிலோ.
> • 1990இல் நார்வே சால்மன் தீவனத்தில் சுமார் 90 சதவீதம் கடலிலிருந்து வந்த மூலப்பொருள். 2013இல் அது ஏறத்தாழ 30 சதவீதம், 2020இல் சுமார் 22 சதவீதம். மீதி சோயா, கனோலா, கோதுமை போன்ற நிலத்துப் பயிர்கள்.

சிவப்புச் சதை, வெள்ளைச் சதை

எல்லா மீனும் கொழுப்பை ஒரே இடத்தில் சேர்ப்பதில்லை. காட் மீன் தன் கொழுப்பையெல்லாம் ஈரலில் வைத்துக்கொள்ளும்; சதையில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. வட நார்வேயின் மீன் ஆலைகளில் 1980களிலிருந்து வேலை செய்த ஈழத் தமிழர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரிந்த செய்தி: காட் துண்டு வெள்ளையாகக் காய்ந்திருக்கும், ஈரலோ எண்ணெயாக வழியும். சால்மன் வேறு வகை. அது வயிற்றுக் குடலைச் சுற்றியும், சதை அடுக்குகளுக்கு நடுவிலும் கொழுப்பைச் சேர்க்கிறது. சால்மன் துண்டில் தெரியும் வெள்ளை வரிகள் கொழுப்பு தங்கும் இடங்கள்.

எரிப்பதற்கும் தனி இடம் உண்டு. மீனின் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி, தோலுக்கு அடியில் மெல்லிய பட்டையாக ஓடும் பழுப்புச் சிவப்புச் சதையைப் பலர் சமைக்கும்முன் வெட்டி எறிந்துவிடுவார்கள். மீனின் அன்றாட நீச்சல் முழுக்க அதன் பொறுப்பு. நல்ல இரத்த ஓட்டமும், கொழுப்பை ஆக்சிஜனோடு எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் நிறைந்த தசை அது. பெரும்பகுதியாக இருக்கும் வெளிர்ந்த சதையோ திடீர்ப் பாய்ச்சலுக்கானது. எதிரியிடமிருந்து தப்பவும் அருவியில் தாவவும் சேமித்த சர்க்கரையைச் சட்டென்று எரித்துக் களைத்துவிடும்.

ஆக, நிதானமாக, நீண்ட நேரம் நீந்தும் மீன்தான் கொழுப்பை எரிக்கும் மீன். இதற்கு ஐரோப்பிய விலாங்கை விட நல்ல சாட்சி இல்லை. முட்டையிடுவதற்காக அது ஆற்றை விட்டு அட்லாண்டிக்கின் சர்காஸோ கடலுக்குப் போகும் வழியெல்லாம் ஒன்றும் தின்பதில்லை. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் விலாங்குகளை நீரோட்டக் குழாயில் விட்டு நீந்தவைத்தார்கள். 173 நாளில் 5,500 கிலோமீட்டர் நீந்தித் தீர்த்தன. உடல் எடையில் இழந்தது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான்.

கூண்டுச் சால்மனுக்கு அப்படிப்பட்ட பயணம் இல்லை. பகலில் சோம்பலான வேகத்தில் வட்டமடிக்கும்; இரவில் இன்னும் மெதுவாகிவிடும். நீரோட்டம் வலுக்கும்போது மட்டும் வட்டத்தைக் கைவிட்டு, எல்லா மீனும் ஓட்டத்துக்கு எதிராக முகம் திருப்பி நின்ற இடத்திலேயே நீந்தும். ஃபியோர்டின் உட்புறத்தில் அப்படிப்பட்ட ஓட்டம் எப்போதாவதுதான் வரும்.

நீந்தவிட்டால் என்ன ஆகிறது?

சால்மன் குடும்பத்து மீன்களை நொடிக்குத் தம் உடல் நீளத்தில் ஒன்று முதல் ஒன்றரை மடங்கு தூரம் நீந்தும் வேகத்தில் வைத்தால் நன்றாக வளர்கின்றன என்பது பல பத்தாண்டுச் சோதனைகளின் முடிவு. ஆற்றலைச் செலவழித்த மீன் இளைக்கவேண்டும் அல்லவா? இளைப்பதில்லை. நீரோட்டம் இருந்தால் மீன்கள் வரிசைகட்டி ஒரே திசையில் நிற்கும். ஒன்றையொன்று கடித்துத் துரத்துவது குறைந்துவிடும். தின்ற தீவனம் சண்டையில் வீணாகாமல் சதையாகிறது. கொழுப்பு எரிபொருளாகிறது, புரதம் தசைக்குப் போகிறது.

ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். உடற்பயிற்சி மீனை மெலிய வைக்கும் என்று மட்டும் நினைத்தால் தவறு. சில சோதனைகளில் பயிற்சி பெற்ற மீனின் கொழுப்பு குறைந்தது. சிலவற்றில் மாற்றமே இல்லை. காரணம் எளிது: நீந்தும் மீனுக்குப் பசி அதிகம், தின்பதும் அதிகம். தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயை வைத்துக்கொண்டு நீச்சல் மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. சதைக் கொழுப்பு லேசில் கரைவதும் இல்லை; அறுவடைக்கு முன் வாரக்கணக்கில் பட்டினி போட்ட சோதனைகளில்கூட அது மெதுவாகவே இறங்கியது.

பயிற்சியின் உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. 2011இல் வெளியான ஒரு நார்வே ஆய்வில் இளம் சால்மன்களைச் சில வாரங்கள் வெவ்வேறு வேகங்களில் நீந்தவைத்து, பிறகு கணையத்தைத் தாக்கும் ஐபிஎன் வைரஸுக்கு உட்படுத்தினார்கள். மிதமான வேகத்தில், விட்டுவிட்டுப் பயிற்சி பெற்ற கூட்டத்தில் பிழைத்தவை அதிகம். இந்தத் துறையில் நான் படித்ததில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்த முடிவு இது. மருந்து எதுவும் இல்லை, தீவன மாற்றமும் இல்லை. தண்ணீரைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டதுதான் செய்த ஒரே காரியம்.

> பெட்டிச் செய்தி: ஹாங்சோவின் பட்டினி மீன்
> சீனாவின் ஹாங்சோ நகரத்தில் 'மேற்கு ஏரி வினிகர் மீன்' என்ற உணவு மிகவும் பிரபலம். அதற்கு எடுக்கும் புல்கெண்டையைச் சமைக்கும்முன் ஓரிரு நாள் தீவனம் போடாமல் நல்ல தண்ணீரில் வைப்பது வழக்கம். சேற்று வாடை போகும், சதை இறுகும். இப்போது அதையே பெரிய அளவில் செய்கிறார்கள். குளத்தில் வளர்த்த மீனை ஓடும் நீருக்கு மாற்றி, தீவனத்தை நிறுத்தி, கொழுப்பும் வாடையும் குறைந்தபின் 'மெலிந்த மீன்' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். குளத்துக்குள்ளேயே நீளமான ஓடைத் தொட்டிகள் கட்டி, மீன் எந்நேரமும் எதிர்நீச்சல் போடும்படி வளர்க்கும் முறையும் 2013க்குப் பிறகு சீனாவில் பரவியது.

உருண்டையான இதயம்

காட்டு சால்மனின் இதயக் கீழறை கூர்மையான முக்கோண வடிவம் கொண்டது. நார்வேயின் மீன் மருத்துவர் டிரிக்வே பொப்பேயும் அவரோடு பணியாற்றியவர்களும் பண்ணை மீன்களை அறுத்துப் பார்த்து, 2000களின் தொடக்கத்தில் ஒரு கவலையைப் பதிவு செய்தார்கள்: பல மீன்களின் இதயம் உருண்டையாக இருந்தது. அதன்மேல் கொழுப்புப் படிந்திருப்பதும் அடிக்கடி காணப்பட்டது. வேகமாக வளரவைத்தது, குஞ்சுப் பருவத்தில் நீரை அதிகம் சூடாக்கியது, போதிய நீச்சல் இல்லாதது எல்லாம் சேர்ந்த விளைவு என்பது ஆய்வாளர்களின் கருத்து.

கூண்டுக்குள் அமைதியாகத் தின்றுகொண்டிருக்கும்வரை உருண்டை இதயம் காட்டிக்கொடுக்காது. கடல் பேன் ஒட்டிக்கொண்டால்தான் சிக்கல். பேன் நீக்க மீன்களை ஓரிடத்தில் நெருக்கி, உறிஞ்சி எடுத்து, வெதுவெதுப்பான நீரிலோ பீய்ச்சும் நீரிலோ விட்டுத் திரும்பக் கடலில் போடுகிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் இதயம் தன் முழு வலுவோடு இயங்கவேண்டும். முடியாதவை செத்து மிதக்கின்றன. நார்வே கால்நடை மருத்துவ நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் கடல் கூண்டுகளில் இறந்த சால்மன் 6 கோடியே 28 லட்சம், வளர்த்தவற்றில் 16.7 சதவீதம். இவை எல்லாம் இதயக் கோளாறால் செத்தவை அல்ல. தொற்றுநோய், செவுள் நோய், பேன் நீக்கும்போது பட்ட காயம் எனக் காரணங்கள் பல. ஆனால் இந்த அடிகளைத் தாங்கும் உடம்போடுதான் அந்த மீனைக் கடலில் விட்டோமா என்று தொழில் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறில் ஒரு உயிர் சந்தைக்கு வராமலே சாவதை உற்பத்திச் செலவு என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இதற்கு ஒரு பதில் ஆழ்கடலை நோக்கிப் போவது. 2017இல் நார்வேயின் ஃப்ரோஹாவெட் கடற்பகுதியில் நிறுவிய 'ஓஷன் ஃபார்ம் 1' என்ற 110 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் கூண்டு அப்படிப்பட்ட முயற்சி. அங்கே நீரோட்டம் தானாகவே கிடைக்கும். அளவு மீறினால் அதுவே ஆபத்து. சின்ன மீனும் நோயுற்ற மீனும் ஓட்டத்தைத் தாங்க முடியாமல் வலையில் ஒதுங்கிவிடும் என்று நார்வே கடல் ஆய்வு நிறுவனத்தின் நீச்சல் சோதனைகள் எச்சரிக்கின்றன. இன்னொரு பதில் கரையிலேயே இருக்கிறது. கடலுக்கு அனுப்பும்முன் குஞ்சுகளைப் பெரிய வட்டத் தொட்டிகளில் ஒரு கிலோ எடை வரைகூட வளர்க்கிறார்கள். தொட்டியில் நீரின் வேகம் மனிதன் கையில். உடம்பைத் தயார் செய்ய இதைவிட நல்ல பருவம் மீனுக்கு வாய்க்காது.

பாதியான ஒமேகா-3

இனி நம் தட்டுக்கு வருவோம். மீன் எந்த எண்ணெயைத் தின்கிறதோ, ஏறத்தாழ அதே கொழுப்பமிலங்கள் அதன் சதையிலும் இருக்கும். இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகளை உண்டாக்குபவை கடலின் நுண்பாசிகள். அவை சின்ன மீன் வழியாகப் பெரிய மீனுக்கு வருகின்றன. கனோலாவில் உள்ள நீளம் குறைந்த ஒமேகா-3யை நீட்டி இவற்றைத் தயாரிக்கும் நொதிகள் சால்மனிடமும் உண்டு. ஆனால் வேகம் போதாது.

ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகம் 2006 முதல் 2015 வரை அந்நாட்டுப் பண்ணை சால்மன்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அந்த இடைவெளியில் இபிஏ, டிஹெச்ஏ அளவு பாதியாகிவிட்டது. முன்பு ஒரு துண்டில் கிடைத்தது இப்போது இரண்டு துண்டு தின்றால்தான் கிடைக்கும். அப்படியும் கோழி, ஆட்டு இறைச்சியை விடச் சால்மனில் இது மிக அதிகம் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. மீன் எண்ணெய் குறைந்ததில் நன்மையும் உண்டு: அதனோடு வந்துகொண்டிருந்த டையாக்சின், பிசிபி போன்ற நச்சுகளும் குறைந்தன.

பாதிப்பு தின்பவரோடு நிற்கவில்லை. குளிர்ந்த நீரில் வாழும் மீனுக்கு உடல் செல்களின் சவ்வு இளகியே இருக்கவேண்டும். அந்த இளக்கத்தைக் கொடுப்பவை இந்த ஒமேகா-3 கொழுப்புகள். நார்வேயின் நோஃபிமா ஆய்வு நிறுவனத்தினர் கண்டது இது: சோதனைச்சாலைத் தொட்டியில் குறைந்த அளவு இபிஏ, டிஹெச்ஏ போதும் போலத் தெரியும். பேனும் நோயும் அலைச்சலும் உள்ள கடல் கூண்டில் அந்த அளவு பற்றவில்லை. கூடுதலாகக் கொடுத்த மீன்களின் குடலும் சதையும் நல்ல நிலையில் இருந்தன, சதையில் கரும்புள்ளிகளும் குறைவு. நார்வே உயிரியல் பல்கலைக்கழகத்தில் ஆஷில்ட் கிரோக்டால் குழுவினர் இன்னொரு சிக்கலின் வேரைக் கண்டுபிடித்தார்கள். தாவரத் தீவனம் தின்ற சால்மனின் குடல் சுவரிலேயே கொழுப்புத் தேங்கி வெளுத்துப் போயிருந்தது. கொழுப்பைக் குடலிலிருந்து இரத்தத்துக்குச் சுமந்து செல்லக் கோலின் என்ற சத்து தேவை. மீன் தூளில் அது தாராளமாக இருந்தது, சோயாவில் போதவில்லை. கோலினைச் சேர்த்ததும் தேக்கம் தீர்ந்தது.

யாருடைய எண்ணெய்?

அப்படியென்றால் மீன் எண்ணெயையே மறுபடி கூட்டிவிடலாமே என்று தோன்றும். உலகின் மீன் எண்ணெயில் ஒரு பெரிய பங்கு பெரு நாட்டுக் கடலின் நெத்திலியிலிருந்து வருகிறது. 2023இல் கடல்நீரைச் சூடாக்கும் எல் நினோ வந்தபோது அங்கே முதல் மீன்பிடிப் பருவமே ரத்தானது. எண்ணெய் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், மௌரித்தேனியா மக்களின் அன்றாடச் சோற்றுக்கு உரிய சாளை மீன்கள், கரையோர ஆலைகளில் தூளும் எண்ணெயுமாகிக் கப்பலேறுகின்றன. நம் கரையில் மத்தி, சாளை என்று வாங்குகிறோமே, அதே பேரினம்தான். நுண்பாசியைத் தொட்டியில் வளர்த்து நேராக எண்ணெய் எடுக்கும் ஆலை 2019இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இயங்கத் தொடங்கியது. கடலைக் காலி செய்யாமல் ஒமேகா-3 கிடைக்க இப்போதைக்கு இருப்பதில் நம்பத்தக்க வழி அதுதான் என்பது என் எண்ணம். விலை இறங்கினால் தீவனத்தில் அதன் பங்கு ஏறும்.

நம் கட்லாவின் வயிறு

இந்தக் கதை குளிர்நாட்டோடு முடிவதில்லை. நம் சந்தைகளுக்கு வரும் ஆந்திரத்துக் கட்லாவும் ரோகுவும் குளத்தில் தின்பது பெரும்பாலும் தவிடும் பிண்ணாக்கும். ஓட்டை போட்ட சாக்குகளில் நிரப்பி, கழிகளில் கட்டித் தொங்கவிடுவார்கள். கெண்டை இனங்களுக்கு மாவுச்சத்து சால்மனை விட நன்றாகச் செரிக்கும். தேவைக்கு மேல் போனது கொழுப்பாக மாறி வயிற்றுக்குள் சேரும். நிற்கும் நீரில் அதை எரிக்கும் வேலையும் குறைவு. மீன் வெட்டும் அக்கா குடலோடு சேர்த்து வழித்தெறியும் மஞ்சள் கொழுப்பு, வளர்த்தவர் காசு கொடுத்து வாங்கிய தீவனம். ஆக்சிஜனுக்காகக் குளத்தில் சுற்றும் காற்றூட்டிகளைச் சற்றே சாய்த்து வைத்து நீரை ஒரு திசையில் ஓடவிட முடியும். தீவனத்தை அளந்து போடவும் முடியும். நார்வே ஐம்பது ஆண்டு செலவழித்துக் கற்றதை நம் மீன்வளர்ப்போர் முதலிலிருந்தே பயன்படுத்தலாம். அதைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீன்வளத் துறையின் வேலை.

வாங்குகிறவர் கையிலும் சிலது இருக்கிறது. சால்மன் பொட்டலத்தின்மேல் மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல் இபிஏ, டிஹெச்ஏ எவ்வளவு என்று பாருங்கள். அச்சிடாத நிறுவனத்திடம் கேளுங்கள். ஒமேகா-3க்காக மட்டுமே சால்மன் வாங்குகிறவர் என்றால், அந்த எண்ணெய் பிழியப்படும் மீன்களின் இனத்தைச் சேர்ந்த சாளையே மலிவு விலையில் நம் கரைக்கு வருகிறது. பருவத்தில் வரும் கொழுத்த சாளையை வாங்கிக் குழம்பு வைத்தால், ஆலையும் தீவனப் படகும் கூண்டும் இடையில் வராமல் அதே கொழுப்பு நேரே நம் தட்டுக்கு வந்துவிடும்.